சூடு ஆறாத நாற்காலி

நாற்காலியின் இருக்கை சூடாக இருந்தது.

பல் டாக்டர் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போன்ற சூடு. ஆனால் அந்த வீட்டில் எழுந்து போக யாரும் இல்லை. ஜன்னல் திரைகளைக்கூடக் கழற்றியாகிவிட்டது. செத்துப்போன வீட்டுக்காரரின் மகள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாளே தவிர, உள்ளே வரவில்லை.

பழைய சாமான்களைத் தேடி வாங்கிச் சேர்க்கும் டாக்டருக்கு வியாபாரிகள் 'சுரண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்ப்பார். பெயிண்டுக்கு அடியில் தேக்கு தெரியும். கறுத்த தட்டில் வெள்ளி மின்னும். அது அங்கே இருப்பது வைத்திருக்கிறவனுக்குத் தெரியாது என்பதில்தான் அவருக்கு ருசியே. பகலெல்லாம் ஊராரின் சொத்தைப் பல்லைக் குடைந்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஊராரின் முட்டாள்தனத்தைக் குடைவதைப் போன்ற சுகம் அவருக்கு வேறில்லை.

இந்த நாற்காலியைச் சுரண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அசல் தோல். கையால் அடித்த பித்தளைக் குமிழ்கள். உள்ளே பஞ்சுக்குப் பதில் குதிரை முடி. இதை வைத்துக்கொண்டு இவர்கள் இத்தனை நாள் என்னதான் செய்தார்களோ!

"எடுத்துட்டுப் போங்க. எதுவும் தர வேணாம்," என்றாள் மகள்.

"சும்மாவா?"

"ஆமா. ஆனா காலியா மட்டும் விட்டுடாதீங்க. யாராவது உக்காந்துக்கிட்டே இருக்கணும்."

தோல் வெடித்துவிடும் என்கிறாள் போலிருக்கிறது. இப்பேர்ப்பட்ட பொருளைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறவளிடம் விளக்கம் வேறு கேட்பார்களா? அவள் பேசும்போது நாற்காலியைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள் என்பது வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாறுகண் போல, என்று எண்ணிச் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம் அதைப் போட்டார். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். சாயங்காலம் கிளம்பினால் திரும்ப நேரமாகும். அதுவரை கூடமும் விளக்கும் நாற்காலியும் அவருக்கே சொந்தம். தேநீரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்து குளித்து, துணி மாற்றி, நிதானமாகத் திரும்பி வந்தாலும் இருக்கை சூடாகவே இருந்தது. குதிரை முடி லேசில் சூட்டை விடாது என்று தமக்குத் தாமே பாடம் நடத்தினார். இருக்கையில் விழுந்திருந்த குழி மட்டும் அவர் அளவுக்கு இல்லை. அகலமாக, பருத்த ஒருவருக்கு உரியதாக இருந்தது. வலது கைப்பிடியின் முனை, உள்ளங்கை வேர்த்ததுபோல, எப்போதும் பிசுபிசுத்தது. தலை சாயும் இடத்தில் பழைய தலையெண்ணெயின் சிக்கு வாடை அடித்தது.

ஒரு நாள் மனைவி வேலையிலிருந்து போன் செய்தாள். பேசி முடிக்கும்போது, "வீட்டுக்கு யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லையே."

"யாரோ இருமினாங்களே?"

"உன் காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்," என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார அவரால் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மைத்துனன் வந்தான். புது சோபா வாங்கி, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே உட்காருகிற ரகம்.

"அத்தான், செத்தவன் வீட்டுச் சாமானையெல்லாம் எதுக்கு உள்ள கொண்டு வர்றீங்க?"

"உன் சோபா கிழியறதுக்குள்ள உன் பேரன் பேத்திகூட இதுல உக்காந்து எழுந்திருப்பாங்கடா," என்றார் டாக்டர்.

அவன் முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனான். நாற்காலியைத் தாண்டும்போது ஒரு காலைத் தூக்கி வைத்தான், பிறகு மறு காலை. நீட்டிக்கொண்டிருக்கும் யாருடைய கால்களையோ மிதிக்காமல் தாண்டுகிறவனைப் போல. வெறும் தரை. அவனுக்கே அது தெரியவில்லை, பேச்சும் நிற்கவில்லை. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவன் போன பிறகு ஜன்னலைச் சாத்தப் போனார். பாதி வழியில், நாற்காலியின் முன்னால், தம் பாதத்தைப் பார்த்தார். அது தரையில் படாமல் தூக்கி நின்றது.

அதற்குப் பிறகு அவர் அதில் உட்காரவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தார். மகள் கதவைத் திறந்து, மைத்துனனைப் போலவே ஏளனமாகப் பார்ப்பது மனக்கண்ணில் வந்தது. அதைவிடச் சாகலாம்.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட்டும் போயிற்று. மெழுகுவத்தி தேடிக் கூடத்துக்கு வந்தவரின் கை இருட்டில் தற்செயலாக இருக்கையின் மேல் பட்டது.

சில்லென்று இருந்தது.

கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது. டாக்டருக்குச் சிரிப்பு பொங்கியது. அவ்வளவுதானே! முடி ஈரம் குடித்திருக்கிறது, சூடு போய்விட்டது. இதற்கா இத்தனை நாள் நடுங்கினோம்? தம்மைத் தாமே திட்டிக்கொள்ள வாயெடுத்தார்.

அடுக்களையில் யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

பெரிய பெரிய மிடறுகள். பிறகு டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம், அவசரமே இல்லாமல், கூடத்தை நோக்கி.

காலியா மட்டும் விட்டுடாதீங்க.

தோலுக்காகச் சொல்லவில்லை. அந்த மடச்சி தோலுக்காகச் சொல்லவில்லை. இடம் இருந்தால்தானே உட்காரும்? டாக்டர் பாய்ந்து நாற்காலியில் விழுந்தார். கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டார். மூச்சை அடக்கினார்.

செருப்புச் சத்தம் நெருங்கியது.

எதிரே நின்றது.

திரும்பியது.

முழங்கால் சொடுக்கியது. ஒரு முனகல். பின்பு, மெதுவாக, அவர் மடியின் மேல், பாரம். வெதுவெதுப்பான, பருத்த, நிறைந்த பாரம். தொடைகள் நசுங்கின. அகன்ற முதுகொன்று அவர் மார்பின் மேல் சாய்ந்து, அவரைத் தோலோடு தோலாக அழுத்தியது. கைகளின் மேல் கைகள் படிந்தன. வேர்த்த கைகள். கத்தப் பார்த்தார். விலா விரிய இடமில்லை.

வாசல் பூட்டு திறந்தது. மழை என்று மனைவியைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் போலும்.

"என்னங்க, இருட்டுலயேவா உக்காந்திருக்கீங்க?"

"உனக்காகத்தான்."

அவருடைய குரல். அவர் பேசவில்லை. மார்பை அழுத்திய முதுகுக்குள் அந்தக் குரல் அதிர்ந்தது.

கரண்ட் வந்து விளக்குகள் எரிந்தன. அவர் கண்ணுக்கு முன்னால், மூக்கைத் தொட்டுக்கொண்டு, ஒரு பின்மண்டை. எண்ணெய் வழிய வாரிய நரைமயிர், சீப்புப் பல்லின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதைத் தாண்டி மனைவி குடையை மடக்கிவிட்டுச் சிரித்தபடி வந்தாள். குனிந்தாள்.

அவளுடைய விரல்கள் அந்த மயிருக்குள் நுழைந்து, மெல்லக் கோதத் தொடங்கின.