வேலி நகர்ந்த இடத்தில்...

"ஐயோ!"

டிரைவர் போட்ட சத்தத்தில் ஓடைக்கரைக் கொக்குகள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின.

பொக்லைனின் இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. அதன் பற்களுக்கு நடுவே ஈர மண்... மண்ணுக்கு நடுவே வெள்ளையாய் ஏதோ ஒன்று...

வேர் என்று நம்பத்தான் அவனுக்கும் ஆசை.

ஆனால் வேருக்கு முட்டி இருக்காதே!

கீழே குதித்தான். திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

போன் அடித்தபோது இன்ஸ்பெக்டரம்மா மேஜை மேல் தலை சாய்த்திருந்தார். ராத்திரி முழுக்க ரோந்து. விடிந்ததும் ஒரு அண்ணன் தம்பி சண்டை. அண்ணனுக்கு மண்டையில் தையல், தம்பிக்குக் கையில் விலங்கு.

ஏட்டய்யாதான் போனை எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"மேடம், பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறாங்கல்ல... ஓடைப் பக்கம்? அங்க எலும்பு கெடச்சிருக்காம்."

"மாட்டு எலும்பா இருக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க."

"மாட்டுக்குத் தொடையில ஸ்டீல் ராடு வெப்பாங்களா மேடம்?"

இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் திறந்தார்.

அன்றைக்குத் தூக்கம் அவ்வளவுதான்!

தூறிக்கொண்டிருந்தது. கரையோரம் சிமென்ட் குழாய்கள் வரிசையாய்ப் படுத்திருந்தன. பம்பு ஒன்று இருமி இருமித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது.

ஓடையை ஒட்டி நீளமாய் ஒரு பட்டை நிலம். அதில் மரம் வெட்டக் கூடாது, மெஷின் ஏறக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது. சாக்கடைக் குழாய் அதற்கு வெளியேதான் போக வேண்டும். அந்த எல்லையைக் காட்ட ஆரஞ்சு வலை வேலி. வேலியடியில், மண் ஓடைக்கு வழியாமலிருக்கக் கறுப்புத் துணித் தடுப்பு.

தோண்டிய குழி வேலிக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் சைட் இன்ஜினீயரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், டிரைவர் மேல தப்பே இல்ல. மழையில சுண்ணாம்புக் கோடு கரைஞ்சுபோச்சு. வேலிய ஒட்டியே தோண்டுப்பான்னு நான்தான் சொன்னேன். இப்ப அளந்து பாத்தா..."

"பாத்தா?"

"வேலியே ஓடைப் பக்கமா தள்ளிப் போயிருக்கு மேடம்! நாங்க தோண்டினது, தொடவே கூடாத எடத்துல!"

"வேலிக்குக் கால் முளைச்சிருச்சாக்கும்?"

பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நனைந்த மழைக்கோட்டு. தூங்காத கண்கள். ஓடைப் பாதுகாப்புக்கு அரசாங்கம் போட்ட அதிகாரி. இன்ஜினீயர்களுக்கெல்லாம் அவள் 'ஓடை ஆபீசர்'. அவள் தலையைக் கண்டாலே மெஷின்கள் தானாக அணைந்துவிடும்!

"எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? இந்தக் கரை மண்ணு ஒரு கூடை தண்ணியில எறங்கினாப் போதும்... மீன் முட்டை மேல போர்வை மாதிரி படிஞ்சுரும். மூச்சு முட்டியே செத்துரும். ஒங்களுக்கு அதெல்லாம் சேறு. அதுங்களுக்கு அது தொட்டில்!"

"நாங்க நகத்தல மேடம்! சத்தியமா!"

"அப்ப யாரு? காத்தா?"



அதற்குள் குழியை ஒட்டியிருந்த வீட்டின் பின்கேட் திறந்தது. குடை ஒன்று வேகமாக வந்தது. குடைக்குக் கீழே நரைத்த தாடி.

"வாத்தியார் வர்றாரு," ஏட்டய்யா முணுமுணுத்தார். "இன்னிக்கு ஆட்டம்தான்!"

ஓடை வாத்தியார்! காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓடைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். மெஷினுக்கு முன்னால் படுத்தவர். கோர்ட்டுக்குப் போய் இந்தக் கரைக்கு அகலமான எல்லை வாங்கித் தந்தவர். அவர் கும்பிடு போட்டால் கலெக்டர்கூட எழுந்து நிற்பார்.

"மூடுங்க! மொதல்ல குழிய மூடுங்க!" மூச்சிரைத்தார். "மழை வலுத்தா மண்ணெல்லாம் ஓடைக்குப் போயிரும்!"

"சார், இது போலீஸ் கேஸு."

"பழைய எலும்பும்மா அது! வெள்ளத்துல எங்கிருந்தோ வந்து ஒதுங்கியிருக்கும். எலும்புக்கு இனிமே உயிர் வரப் போறதில்ல. ஓடை உயிரோட இருக்கு. அதக் காப்பாத்துங்க!"

"அத்தான்..." ஓடை ஆபீசர் அவர் தோளைத் தொட்டாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. பிரஷர் ஏறிடும். நான் பாத்துக்கறேன்."

தள்ளாடித் தள்ளாடிப் போனார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது.

"அத்தானா?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். இந்த வேலைக்கு நான் வந்ததே அவரப் பாத்துத்தான்."

"அக்கா வரலியா?"

"அவ இல்ல மேடம். ஆறு வருஷமாச்சு. பெட்டியத் தூக்கிட்டு யாரோடயோ போயிட்டாளாம். அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

இன்ஸ்பெக்டரம்மா குழியைப் பார்த்தார். தார்ப்பாய்க்குக் கீழே எடுத்து வைத்திருந்த எலும்பைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"அக்காவுக்குக் கால்ல ஏதாச்சும் ஆபரேஷன் நடந்துச்சாம்மா?"



இவ்வளவு நேரம் இன்ஜினீயரை வறுத்தெடுத்தவள் அப்படியே பின்னால் நகர்ந்து ஒரு சிமென்ட் குழாய் மேல் உட்கார்ந்தாள். பூட்ஸையே பார்த்தாள். தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினாள்.

பம்பு இருமிக்கொண்டே இருந்தது.

மத்தியானமே டாக்டர் போன் பண்ணிவிட்டார். பெண் எலும்புக்கூடு. மண்டையில் விரிசல். ராடில் பொறித்திருந்த எண்ணைச் சொன்னதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

வாத்தியாரின் மனைவியேதான்!

வாத்தியார் வீட்டு முன்னறை. ஜன்னல் விளிம்பு முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஓடைத் தண்ணீர். சுவரெல்லாம் கேடயம், பொன்னாடைப் புகைப்படம். நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருந்தது. ரொம்ப நாளாய் அதுதான் உட்கார்ந்திருக்கிறது போல.

இன்ஸ்பெக்டரம்மா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

வாத்தியார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"போறேன்னு சொன்னாம்மா. நீலப் பெட்டி ஒண்ண எடுத்துட்டு வாசல் தாண்டிப் போனத இந்தக் கண்ணால பாத்தேன். போற வழியில எந்தப் பாவி என்ன பண்ணினானோ..."

"கால்ல ராடு?"

"ஸ்கூட்டர்லருந்து விழுந்துட்டா."

"உங்க மச்சினி வேற சொல்றாங்களே. அக்காவுக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாதாமே?"

அழுகை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டரம்மா பேப்பர் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு வலித்தது. எல்லாமே வலித்தது.

"சார், காலையில அங்க வந்த அத்தன பேரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பம்பு ஓட்டுறவர் கேட்டாரு. பேப்பர் போடுறவர் கேட்டாரு. 'யாரும்மா அது'ன்னு. நீங்க மட்டும்தான் கேக்கல."

"எனக்கு... ஓடைதாம்மா..."

"சரி, அத நம்பிட்டேன்னே வைங்க. மத்தியானம் இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினோம். பெட்டியும் கெடச்சிருச்சு. நீலப் பெட்டி."

"பொய்!"

முகத்திலிருந்து கையை எடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை!

"அது எப்படி அங்க இருக்கும்? அத நான் அன்னிக்கே குப்பைக் கிடங்குல..."

நின்றார்.

ரொம்பத் தாமதமாகப் பேச்சை நிறுத்தினார்!

வாசலில் நின்ற ஏட்டய்யா வாயைத் திறந்தவர், மூட மறந்துபோனார்.

"பெட்டி கெடைக்கல சார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா அலுப்போடு. "உங்க வாயிலருந்துதான் இப்பக் கெடச்சுது."

வாத்தியார் சுருங்கிப்போனார். இருந்த இடத்திலேயே பாதியானார்.

"போறேன்னா. போகாதேன்னேன். கையப் புடிச்சு இழுத்தேன். படியில தலை..."

"அதுக்கு முந்தி காலு?"

"...அது வேற ஒரு நாள்."

எத்தனையோ முன்னறைகளில் இதே கதையைக் கேட்டாயிற்று. வீடு மாறும். திரைச்சீலை மாறும். கதை மட்டும் மாறுவதே இல்லை.

"அந்த எடத்துக்கு ஒருத்தரும் வந்துரக் கூடாதுன்னு ஓடையக் காப்பாத்தக் கெளம்பிட்டீங்க. அப்படித்தானே?"

"மொதல்ல அதுக்காகத்தான்..." நிமிர்ந்தார். முதல் தடவையாக அந்தக் குரலில் ஒரு உண்மை இருந்தது. "ஆனா அப்புறம் நெஜமாவே மீனெல்லாம் வந்துச்சும்மா!"

ஏட்டய்யா விலங்கை எடுத்தார்.

சாயங்காலம். ஸ்டேஷன்.

கேஸ் முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தால், எதிர் பெஞ்சில் பொக்லைன் டிரைவர் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, உன்ன யாரு புடிச்சா?"

"யாரும் புடிக்கலம்மா. கம்பெனியில வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க. வேலிய நகத்தினது நான்தானாம். அபராதமும் என் தலையிலயாம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கம்மா. நான் எதுக்கு வேலிய நகத்தணும்?"

இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரியும், அவன் நகர்த்தவில்லை என்று.

யார் நகர்த்தியது என்றும் தெரியும்!

"ஏட்டய்யா, ஓடை ஆபீசர வரச் சொல்லுங்க."

"வந்துட்டேன் மேடம்."

வாசலில் நின்றிருந்தாள். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். மார்ச்சுவரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"உக்காரும்மா. ஒரு சந்தேகம். திருட்டுத்தனமா வேலிய நகத்துறவன் என்ன பண்ணுவான்? ஆரஞ்சு வலையப் புடுங்கி அந்தப் பக்கம் நட்டுட்டு ஓடிருவான். ஆனா இந்த ஆளு கறுப்புத் துணியையும் சேத்து நகத்தியிருக்கான். அதோட விட்டானா? துணியோட அடி ஓரத்த மண்ணுக்குள்ள பொதச்சு, காலால மிதிச்சு இறுக்கியிருக்கான். ஒரு கைப்பிடி மண்ணுகூட ஓடைக்குப் போயிரக் கூடாதுன்னு! குற்றவாளிக்கு மீன் மேல அவ்வளவு பாசம்!"

டிரைவர் நிமிர்ந்தான். ஏட்டய்யா நிமிர்ந்தார்.

ஓடை ஆபீசர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் மேடம். முந்தாநாள் சாயங்காலம், வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம்."

"வேலியே பயிர மேஞ்ச கதையால்ல இருக்கு!" என்றார் ஏட்டய்யா.

இன்ஸ்பெக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏட்டய்யா பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

"எப்படிம்மா அந்த எடம்னு தெரிஞ்சுது?"

"ஓடை நெடுக அத்தான்கூட நடந்திருக்கேன். எல்லா எடத்துலயும் சட்டம் சொல்ற அகலம் போதும்னாரு. அவர் வீட்டுக்குப் பின்னாடி மட்டும் மூணு மடங்கு வேணும்னு கோர்ட்டுக்குப் போனாரு. மீனுக்கு அத்தான் வீடு எதுன்னு தெரியுமா மேடம்?"

ஏட்டய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அங்க ஒரு புதர் இருந்துச்சு. அக்கா காணாமப் போன அந்த மாசம் அவரே நட்டது. மண்ணு சோதனைக்கு அதுகிட்டப் போனாக்கூட கத்துவாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

"போலீஸுக்கு வந்திருக்கலாமே?"

"வந்தேன். வேற ஸ்டேஷன். 'அவங்க குழந்தையாம்மா? இஷ்டப்பட்டுத்தான் போயிருப்பாங்க'ன்னு அனுப்பிட்டாங்க. அந்த எடத்தத் தோண்டணும்னா அனுமதி குடுக்க வேண்டியது நான். காரணம் கேட்டா என்ன எழுத? 'சந்தேகமா இருக்கு'ன்னா? அத்தான்னு வாய் நெறையக் கூப்புட்டுக்கிட்டே வருஷக்கணக்கா காத்துக் கெடந்தேன் மேடம். குழாய் வேலை அந்தப் பக்கம் வரட்டும்னு."

"காலையில போட்ட சத்தம்?"

"அது நடிப்பில்ல. கரை வெட்டுப்பட்டதப் பாத்ததும் நெஜமாவே கோவம் வந்துருச்சு. என் மேலயேதான்."

டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க தலையில வந்து விடியும்னு நெனக்கல. மன்னிச்சிருங்க."

டிரைவர் பதறி எழுந்தான். "என்னம்மா நீங்க! உங்கக்காவ வெளிய கொண்டு வந்த கைம்மா இது. அப்படி நெனச்சுக்கறேன்."



இன்ஸ்பெக்டரம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முந்தாநாள் நல்ல காத்துன்னு பேசிக்கிட்டாங்க. வேலி சாஞ்சிருக்கலாம்..."

"வேண்டாம் மேடம். காத்துன்னு எழுதினா கம்பெனி நம்பாது. அண்ணனுக்கு வேலை திரும்பக் கெடைக்காது. நாளைக்குக் காலையிலயே ஆபீஸ்ல போய்ச் சொல்லிடப் போறேன். சஸ்பெண்ட் பண்ணுவாங்க. பண்ணட்டும். கிளறின கரையில நானே செடி நட்டுத் தரேன்."

"வேலை போனாலும் போயிரும்மா."

"அக்கா கெடச்சுட்டால்ல..."

அத்தனை வருஷமும் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சத்தமில்லாமல் வெளியே வந்தது. இன்ஸ்பெக்டரம்மா அவளை அழவிட்டார்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் தயார் மேடம். என் மேல என்ன போடப் போறீங்க?"

இன்ஸ்பெக்டரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அலமாரியைத் திறந்தார்.

"கேஸ் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சும்மா. இப்போதைக்கு டீதான் போடப் போறேன்... சக்கர எத்தன ஸ்பூன்?"