காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

இழுவை வண்டி அந்தக் காரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது, வெயில் இன்னும் தகரக் கூரைக்கு ஏறவில்லை. காரின் ஓட்டுநர் பக்கக் கதவு நசுங்கி, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மறுபக்கம் தங்கைக்காரி நின்றாள். அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது கோபம்தான் மிச்சம்.

அது அக்காவின் கார். போன மாதம் பட்டப்பகலில், ஆளில்லாத சாலையில், தானாக ஒதுங்கிப் போய்ச் சுவரில் மோதியது. "ஓட்டும்போது தூங்கிட்டா" என்று அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார். சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க போனை நோண்டியிருப்பாள், பொறுப்பில்லாதவள், நல்லவேளை பிள்ளை வண்டியில் இல்லை என்றார்கள். செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறாள் என்கிற தைரியம்.

தங்கைக்கு வேறு ஒன்று தெரியும். இந்தப் பட்டறைக்கு அக்கா மூன்று தடவை வந்திருக்கிறாள். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி அடித்தொண்டையில் அலறுகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, சத்தம் அடங்கிப்போயிருக்கும். "காலைல வீட்டுக்கு வந்து கேளுங்கண்ணே" என்று கெஞ்சியிருக்கிறாள். மெக்கானிக் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னாராம்: "சத்தம் வண்டில இல்லம்மா. உங்க காதுல இருக்கு."

அதனால்தான் இன்று இழுவை வண்டி. எஞ்சின் சில்லிட்டுக் கிடந்தது.

மெக்கானிக் டீ கிளாஸோடு வெளியே வந்தார். "இதை எதுக்கும்மா இங்க கொண்டு வந்தீங்க? பழைய இரும்புக்குப் போட வேண்டிய வண்டி."

"போடலாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு சத்தம் கேக்கணும்."

மறுபக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, அக்காவின் இருக்கைக்கு நகர்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

அலறியது.

தகரக் கூரை அதிர்ந்தது. மேஜையிலிருந்த ஸ்பேனர் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. கரிப்புகையின் நெடி மூக்கில் ஏறியது. மெக்கானிக்கின் முகத்திலிருந்த இளிப்பு போன இடம் தெரியவில்லை.

அவர் பானட்டைத் தூக்கினார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கோளாறு எங்கே என்று அப்படித்தான் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாதீங்க."

ஸ்க்ரூடிரைவரை அவளிடம் நீட்டினார். அவள் இறங்கி வந்து அதே இடத்தில் முனையை வைத்து, காதைக் கொடுத்தாள்.

முதலில் சீறல். அதற்குள்ளே ஒரு கொட்டாவி. முடியாமல் நீண்டுகொண்டே போகிற, அசந்துபோன கொட்டாவி.

பிறகு, மிகப் பக்கத்தில்:

"காலைல வந்து கேளுங்கண்ணே..."

அக்காவின் குரல்.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. செத்த பிறகும் இந்த ஆளிடமா கெஞ்ச வேண்டும்?

"எங்க கோளாறு? காட்டுங்க."

எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தைக் காட்டினார். சுற்றிலும் கரி படிந்திருந்தது. "இந்த இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் போயிருக்கு. சூடானா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிடும். ஆனா புகை கசிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். ஏசி வழியா உள்ள போகும்."

"போனா?"

"தூக்கம் வரும்மா." குரல் தேய்ந்தது. "கண்ணைத் திறக்க முடியாது."

அவள் அத்தானைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதையே சொல்லுங்க."

"பட்டறை பேரு கெட்டுடும்மா..."

ஆக்ஸிலேட்டரில் யார் காலும் இல்லை.

எஞ்சின் இரண்டு மடங்காக அலறியது.

"சொல்றேன், சொல்றேன்!" என்று கத்தினார். சத்தம் சட்டென்று தணிந்தது. "சார், அவங்க தூங்கல. புகைதான் மயக்கியிருக்கு. மூணு தடவை வந்து சொன்னாங்க. நான்தான் பாக்கல."

மறுமுனையில் அத்தான் விசும்புவது கேட்டது. ஆறுதல் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. போனை அணைத்தாள்.

யாரும் கேட்காமலே மெக்கானிக் வேலையில் இறங்கினார். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து முடுக்கினார். நசுங்கிய கதவுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மதியம் அவளே சாவியைத் திருப்பிப் பார்த்தாள். எஞ்சின் சாதுவாக ஓடியது. ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டாள். வெறும் எஞ்சின்தான். அக்கா அங்கே இல்லை.

"முடிஞ்சுதும்மா" என்று மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று மூலையில் நின்ற தன் காரில் ஏறினார். பளபளவென்று துடைத்து வைத்த வண்டி.

சாவியைத் திருப்பினார்.

அலறியது.

பதறிப்போய் அணைத்தார். சாவி கையோடு வந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. இறங்கி ஓடிப்போய், பக்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேக்குதா? உனக்குக் கேக்குதா?"

"எதுண்ணே?" என்று அவர் திருதிருவென்று விழித்தார்.

மெக்கானிக் அவளிடம் திரும்பினார். உதடு வெளுத்திருந்தது. "உனக்காவது கேக்குதாம்மா?"

அவளுக்கு நன்றாகவே கேட்டது. அடித்தொண்டையில், அக்காவின் கோபம் மொத்தமும்.

"சத்தம் வண்டில இல்லண்ணே" என்றாள் நிதானமாக. "உங்க காதுல இருக்கு."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும் வரை அது அவள் முதுகுக்குப் பின்னால் அலறிக்கொண்டே இருந்தது.