மாமியார் மௌனமான நாள்

வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. வெளியூரிலிருந்து திரும்பிய முதலாளி பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போட்டிக்கு அனுப்பின ரசீது எங்கே?" என்றார்.

ரசீது இல்லை. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கான வரைபடம் போகவே இல்லை. கெடு அன்று நண்பகலோடு முடிந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க மூன்று பேர் உயிரைக் கொடுத்து வரைந்தது, ஒரு பொத்தானை அழுத்த ஆளில்லாமல் கணினியிலேயே கிடந்தது.

அழுத்த வேண்டியவள் குழுத்தலைவி. போட்டி நடத்துகிறவர்களின் இணையதளம் வியாழக்கிழமை காலைதான் திறக்கும் என்பதால் முன்கூட்டியே அனுப்பவும் வழியில்லை. அன்று காலை அவள் மகளுக்கு அவசர அறுவைச் சிகிச்சை. மகள் பிழைத்துவிட்டாள். வேலை பிழைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

"மாமியார் என்னைக் கூப்பிடவே இல்லை சார்" என்றாள் தலைவி, ஆஸ்பத்திரியிலிருந்து போனில்.

மாமியார் என்றால் நிஜ மாமியார் இல்லை. வேலையை நினைவூட்டித் தானாக வரும் மின்னஞ்சலுக்கு அந்தக் குழு வைத்த பெயர். முதலில் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி, "தங்கள் பணி நிலுவையில் உள்ளது" என்று வந்தது. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தலைவிதான் உட்கார்ந்து ஆளுக்கேற்ற மாதிரி மாற்றினாள். குழுவின் வரைவாளருக்கு, "அண்ணே, நேத்தே கேட்டேன்." குழுவில் மூன்றாவது ஆளான தன் தோழிக்கு, "எழுந்திருடி, டீ அப்புறம்." தனக்கு, போன் அலறுகிற சத்தத்தோடு, "ஊருக்கு உபதேசம், உனக்கு?" அதன் பிறகு குழுவில் எந்த வேலையும் நாள் தவறியதில்லை.

முதலாளி கணினிக்காரரைக் கூப்பிட்டார். தடித்த கண்ணாடி, தடித்த பொறுமை. அலுவலகத்தில் அவர் பெயர் பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி பத்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்தார். அந்த ஒரு வேலைக்கான நினைவூட்டலை யாரோ புதன்கிழமை சாயங்காலமே நிறுத்தியிருக்கிறார்கள், குழுவின் பொதுக் கணினியிலிருந்து. கடவுச்சொல் மூன்று பேருக்கும் தெரியும். நமக்குள் என்ன ஒளிவுமறைவு என்று தலைவிதான் சொல்லி வைத்திருந்தாள். புதன்கிழமை மூன்று பேருமே அலுவலகத்தில் இருந்தார்கள்.

"இதுல என்ன துப்பு வேண்டியிருக்கு? மறந்துட்டா. அதை மறைக்க அவளே மெயிலை நிறுத்திட்டா" என்றார் முதலாளி. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற பதில் வரலைன்னா அவ வேலையை விட்டுப் போகலாம்."

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ஆலோசனை அறையில் பூதக்கண்ணாடி விசாரித்தார். முதலில் தலைவி. கண் வீங்கியிருந்தது.

"மெயில் வரலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

"முதலாளி கேட்டப்போதான். பொண்ணு உள்ள இருக்கா சார். எனக்கு என் பேரே ஞாபகமில்ல. அனுப்பலைன்னா மாமியார் திட்டும், போன் அலறும்னு நம்பிட்டேன்."

"கூட யாரு இருந்தா?"

"என் தோழி. பத்து மணிக்கே பிளாஸ்க்கோட வந்துட்டா. மத்தியானம் வரைக்கும் என் கையை விடல. என் பொண்ணு அவளைச் சித்தின்னுதான் கூப்பிடுவா."

அடுத்து தோழி. தலைவியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள்.

"இந்த வேலைக்குத் துணை ஆள் நீங்கதானே?"

"ஆமா. அவளுக்கு வர்ற மெயில் எல்லாம் எனக்கும் நகல் வரும். அவளால முடியலைன்னா நான் அனுப்பணும்."

"வியாழக்கிழமை?"

"எதுவுமே வரலையே சார். அதனால, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டா போலன்னு நினைச்சேன். பாவம், அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

கடைசியில் வரைவாளர். முதலாளிக்கு இவர்மேலும் ஒரு சந்தேகக் கண். 'இந்த மாமியார் கழுத்தை ஒருநாள் நெரிக்கப்போறேன்' என்று ஊரறியக் கத்தியவர்.

"நெரிச்சீங்களா?"

"நெரிக்கணும்னு ஆசைதான். ஆனா அது இல்லைன்னா பயமா இருக்கு சார்."

"என்ன பயம்?"

"வேலை பாக்கின்னா திட்டும். முடிஞ்சா 'சபாஷ்'னு ஒரு மெயில் போடும். ரெண்டுல ஒண்ணு வந்தே தீரும். அது சும்மா இருந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். போன மாசம் சர்வர் படுத்தப்போ மூணு பேரும் உங்க ரூமுக்கு ஓடி வந்தோமே, மறந்துட்டீங்களா?"

பூதக்கண்ணாடி மறக்கவில்லை. யார் முன்னால் ஓடி வந்தார்கள் என்பதும் அவருக்கு நினைவிருந்தது.

பதினொன்றரை மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்தார்.

"தலைவி இதைச் செய்யல. தப்பை மறைக்கிறவங்க தப்புக்கு அப்புறம்தான் மறைப்பாங்க. இது முந்தின நாளே நடந்திருக்கு."

"அப்போ வரைவாளர்தான்!" என்று முதலாளி எழுந்தார்.

"உக்காருங்க சார். அவரா இருக்கலாம்னுதான் நானும் நினைச்சேன், இந்தம்மா வாயைத் திறக்கற வரைக்கும்." தோழியின் பக்கம் திரும்பினார். "எதுவும் வரலை, அதனால முடிஞ்சிருக்கும்னு சொன்னீங்க. வேற ஆபீஸ்ல அது நியாயமான பேச்சு. இங்க முடிஞ்சா சபாஷ் வரணும். வந்துதா?"

தோழி தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"போன மாசம் ஒரு மணி நேரம் மெயில் வரலைன்னதும் என் கதவை முதல்ல தட்டினது நீங்க. நேத்து கெடு நாள். திட்டும் வரலை, சபாஷும் வரலை. வரைவாளருக்கு இந்த வேலையோட நகலே வராது, அவருக்குத் தெரிய வழியில்ல. நகல் வர்ற ஆள் நீங்க, பக்கத்துல உக்காந்திருந்த தோழிகிட்ட 'அனுப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஏன்னா, ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"குழப்பத்துல மறந்திருப்பா சார்" என்று தலைவியே குறுக்கே விழுந்தாள். "அவ அப்படிப்பட்டவ இல்ல."

அந்த வார்த்தைதான் தோழியை உடைத்தது.

"அப்படிப்பட்டவதான்" என்றாள். "அந்த முற்றம், அந்தப் படிக்கட்டு, எல்லாம் நான் யோசிச்சது. விண்ணப்பத்துல முதல் பேரு உன்னோடது. ஜெயிச்சா கம்பெனியில நீ பங்குதாரர், நான் அதே நாற்காலி. ஒரு தடவையாவது நீ தோத்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. புதன்கிழமை நிறுத்தினேன். மறுநாள் குழந்தைக்கு இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?" என்றார் பூதக்கண்ணாடி. "ரெண்டு மணி நேரம் கையில போனோட உக்காந்திருந்தீங்க."



முதலாளி தொண்டையைச் செருமி, தலைவியிடம் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்தார். அவள் காதில் அது விழவில்லை. பழி நீங்கியவளின் முகமாக அது இல்லை. நம்பிக் கழுத்தைக் கொடுத்தவளின் முகமாக இருந்தது.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே" என்று கேட்டாள். "அதுவும் நடிப்பா?"

"இல்லடி. அது நிஜம். குழந்தைக்காக நிஜமாத்தான் அழுதேன்."

தலைவி எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"நடிப்புன்னு சொல்லியிருந்தா உன்னை வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போனதும் பொண்ணு கேப்பா, சித்தி எப்போ வருவாங்கன்னு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீயே சொல்லிக் குடு."