வழவழப்பான முதுகு

மகள் வாண்டின் இடது கால் செருப்பு மட்டும் ஏன் கழன்று கழன்று விழுகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. புதுச் செருப்பு வாங்கியும் பார்த்தாயிற்று. அன்று காலை மகளின் பாதங்களைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தாள். இடது பாதம் சிறியதாக இருந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கத் தொடங்கியிருந்தன.

"இந்த ஆராய்ச்சியெல்லாம் இருக்கட்டும். இன்னிக்கும் படுக்கை ஈரம்தானே?" என்றான் கணவன்.

"நல்லா இருந்த பிள்ளை... இப்பத் திடீர்னு..."

"எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! டாக்டரே முதுகைத் தடவிப் பார்த்துட்டு, பழக்கந்தான், போயிடும்னு சொல்லலையா? ஹாஸ்டல்ல விட்டா தானா திருந்திடும். அடுத்த வாரமே சேர்க்கிறேன்."

மகளுக்காகவே வேலையை விட்டவள் அவள். ஈரத் துணியைச் சுருட்டினாள்.

அவள் சந்தேகம் வேறொருவர் மேல் இருந்தது. கணவனின் அக்காவான அண்ணி, அவர்கள் வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கல்யாணமே வேண்டாமென்று தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வாண்டைக் குளிப்பாட்டும் உரிமையைப் பிறந்த நாள் முதல் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அவ்வப்போது குழந்தையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைத் தாழிடுவாள். "ஆ!" என்று ஒரு சத்தம் கேட்கும். வாண்டு கண் கலங்கி வெளியே வரும், கேட்டால் வாய் திறக்காது. அடிக்கிறாளா? பயத்தில்தான் படுக்கை நனைகிறதா?

அன்றும் அந்தச் சத்தம் கேட்டது. இந்த முறை அவள் தோளால் இடித்தே கதவைத் திறந்துவிட்டாள்.

வாண்டு குப்புறப் படுத்திருந்தது. அண்ணியின் கையில் முடி பிடுங்கும் மெழுகுப் பட்டை. அதில் கற்றையாகக் கறுத்த முடி! குழந்தையின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் நடுவில், ஒரு வட்டம் சிவந்திருந்தது.

"என்ன அண்ணி இது? பிறந்தப்ப இருந்த பூனைமுடி உதிர்ந்துடுச்சுன்னு சொன்னீங்களே!"

"உதிரல... வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு." அண்ணி பட்டையைக் கீழே வைத்தாள். "பொண்ணும்மா... குரங்கு வாலுன்னு நாலு பேரு சிரிச்சா? என் தொழிலே இதானே, நானே சுத்தம் பண்ணிடலாம்னு..."

"டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடியுமா?"

"அன்னைக்கு முதல் நாள்தான் எடுத்தேன்..."

மருத்துவர் பார்த்தது வழவழப்பான முதுகை!

இந்த முறை கணவனும் அண்ணியும் அவளும் வாண்டோடு சேர்ந்தே அதே மருத்துவரிடம் போனார்கள். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் மாட்டி மருத்துவர் விளக்கினார்.

"நரம்புத்தண்டோட நுனி முதுகெலும்புக்குள்ள தளர்வா இருக்கணும். குழந்தை வளரும்போது எலும்பு வேகமா நீளும், தண்டு மேலே ஏறிக்கும். இவளுக்குப் பிறவியிலேயே நுனியில இருக்கிற நார் தடிச்சு, தண்டைக் கீழே கட்டி வெச்சிருக்கு. உயரம் கூடக் கூட இழுபடுது. காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போற நரம்பு அங்கதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணி அந்த நாரை வெட்டி விடணும். அந்த முடியைப் பார்த்திருந்தா அன்னைக்கே ஸ்கேன் எழுதியிருப்பேன். உள்ளே கோளாறு இருக்கலாம்னு தோல் காட்டுற அடையாளம் அது."

கணவன் தலை குனிந்தான். "செல்லம்னு சொல்லிட்டேனே..."

அண்ணி அவள் காலில் விழப்போனாள். "நானே மறைச்சுட்டேனே, பாவி!"

அவள் தாங்கிப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அடிக்கிறீங்களோன்னு நானும் நினைச்சேன் அண்ணி... ரெண்டு பேருமே அவளுக்காகத்தான் பயந்தோம்." இருவரும் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பினாள். சந்தேகம் இன்னும் விடவில்லை. "நாருன்னு நினைச்சு நரம்பை வெட்டிட்டா?"

"நல்ல கேள்வி. வெட்டுறதுக்கு முன்னாடி அதைத் தொட்டு லேசா மின்சாரம் குடுப்போம். நரம்புன்னா தசை துடிக்கும். துடிச்சா வெட்ட மாட்டோம். போன பலமெல்லாம் திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது, ஆனா இனிமே மோசமாகாம தடுக்கலாம்."

அறுவை சிகிச்சை நாளில், கூடத்தில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"மின்சாரம் குடுத்துப் பார்த்தோம். எந்தத் தசையும் துடிக்கல. நார்தான். வெட்டிட்டோம். தண்டு விடுபட்டுடுச்சும்மா."