கோடை மடலில் ரெஜினா

மே மாதம் பிறந்துவிட்டால் உமையாளுக்குத் தொலைபேசியே கதி. மேட்டுவயல் பல்கலைக்கழகத்தின் கோடை மடல் ஜூன் பதினைந்தாம் தேதி வெளிவந்தாக வேண்டும். அதற்குள், பழைய மாணவர்கள் வாங்கிய விருது, ஏறிய பதவி, வெளியிட்ட ஆய்வு என்று வந்து குவியும் செய்தி ஒவ்வொன்றையும் சம்பந்தப்பட்டவரிடமே பேசிச் சரிபார்க்க வேண்டும். உறுதிப்பேச்சு என்று அதற்குப் பெயர். பேசாமல் ஒரு வரிகூட மடலில் ஏறாது. அந்த ஒழுங்கைப் பற்றி அலுவலகத்தில் பீற்றிக்கொள்ளாத ஆள் கிடையாது.

அன்று மதியத்துக்குள் பதினேழு பேரிடம் பேசி முடித்திருந்தாள். கடற்பாசியிலிருந்து நூல் திரித்தவர், உப்புநீரில் விளையும் சோளம் கண்டுபிடித்தவர், பாலங்களின் விரிசலைக் காது கொடுத்துக் கேட்கும் கருவி செய்தவர். அவர்களில் பதினோரு பேர் சொல்லிவைத்தாற்போல் முதல் மணியிலேயே எடுத்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் தொண்டை கட்டவில்லை, ஒருவர் வீட்டிலும் குக்கர் கத்தவில்லை. அந்தப் பதினேழு பேரில் உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர்.

மற்றவர்கள் நிழற்பிரதிகள். ஊரார் வாயில் டபுள். கல்லூரியில் சேரும் நாளில் எல்லோரும் போடும் ஒரு கையெழுத்தில் அது தொடங்கும். வகுப்பில் கேட்ட கேள்வி, ஆய்வகத்தில் போட்ட சண்டை, படித்த புத்தகம், அனுப்பிய செய்தி, பிறகு எழுதிய கட்டுரைகள் என எல்லாம் சேர்ந்து ஒரு டபுள் உருவாகும். ஆள் போன பிறகு அது பல்கலைக்கழகத்துக்காக ஆய்வு செய்யும், கட்டுரை எழுதும், பரிசு வாங்கும். அதன் ஒப்பம் மூலவரின் ஒப்பமே என்று சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. தரவரிசையில் முன்னூறாவது இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மேட்டுவயல் இன்று நாற்பத்தொன்றாவது இடத்தில் இருப்பது செத்தவர்களின் புண்ணியத்தில்தான்.

பதினெட்டாவது பெயரைப் பார்த்ததும் உமையாளின் கை நின்றது. ரெஜினா. ஆய்வின் தலைப்பு: ‘பால்பற்களில் ஈயம்: முந்தைய முடிவுகளைத் திரும்பப் பெறுதல்.’

ரெஜினா அவளுடைய விடுதித் தோழி. நான்கு வருடம் ஒரே அறை. பின்னாளில் பழைய மின்கலங்களை உருக்கும் ஆலையைச் சுற்றியிருந்த மூன்று கிராமங்களில், குழந்தைகளுக்கு விழுந்த பால்பற்களை ஊறுகாய் டப்பாவில் வீடுவீடாகச் சேகரித்தவள். இருநூற்றுப் பதினான்கு பற்கள். அத்தனையிலும் ஈயம். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பெற்றோர்கள் ஆலைமேல் வழக்குப் போட்டிருந்தார்கள். ஜூலையில் விசாரணை. ரெஜினாவின் கணவர் ஞானராஜ் மின்வண்டிப் பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அதற்காகவே அலைந்துகொண்டிருந்தார். ரெஜினா போன வருடம் பிப்ரவரியில் புற்றுநோயில் போய்விட்டாள். உமையாள் மண் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

மணி ஒருமுறைதான் அடித்தது.

"ஏய் உமையா! எத்தனை நாளாச்சுடீ உன் சத்தம் கேட்டு!"

அதே சிரிப்பு. வாக்கியம் முடியுமுன் மூக்கால் உறிஞ்சும் அந்தச் சின்னச் சத்தம்கூட இருந்தது.

"ரெஜி, இந்தக் கட்டுரையை நீதான் எழுதினியா?"

"பின்ன? நான் மாதிரி எடுத்த விதத்துல குறை இருக்குதுடீ. புதுத் தரவு குடுத்தாங்க, பார்த்தேன், மாத்திக்கிட்டேன். விஞ்ஞானின்னா அப்படித்தான இருக்கணும்?"

"தரவு குடுத்தது யாரு?"

"ஆலையோட ஆய்வுப் பிரிவு. நல்ல ஆளுங்க."

"ஞானராஜ் அண்ணன் அந்த வழக்குக்காக நாயா அலையறாரு, தெரியுமா உனக்கு?"

"அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்படற ஆளுதான். விடு. மடல்ல என் போட்டோ நல்லதாப் போடு, என்ன?"

உமையாள் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. சீ, என்ன பிழைப்பு இது! செத்தவளின் சிரிப்பை உரித்தெடுத்து, அவள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்ததை அவள் வாயாலேயே இல்லையென்று சொல்ல வைக்கிறார்கள். அதற்கு வாழ்த்து எழுத இவள் ஒருத்தி.

துணைப் பதிவாளர் திருமூர்த்தி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"ஏனுங்க மேடம், தன்னோட தப்பைத் தானே திருத்திக்கிட்ட ஆய்வாளர். எவ்வளவு அருமையான செய்தி! முதல் பக்கத்துலயே போடலாம்னு துணைவேந்தர் சொல்றாருங்க."

"அவ செத்துட்டா சார்."

"அது மடல்ல எங்கயும் வராதே. இரங்கல் பத்தியை எடுத்துடலாம்னு யோசனை சொன்னதே நீங்கதானுங்களே?"

உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அவள்தான் சொன்னாள். வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே சாவு நெருடுகிறது, மலர்ச்சியாக இருக்கட்டும் என்று. அந்த யோசனைக்குக் கைதட்டினார்கள். அதிலிருந்து மேட்டுவயலில் படித்த யாரும் சாகவே இல்லை. பதினோரு வருடமாக அவளும் ‘நம் முன்னாள் மாணவர்’ என்றே எழுதிவந்தாள். இருப்பவரா போனவரா என்று ஒருமுறையும் பிரித்து எழுதியதில்லை. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

"இந்தச் செய்தியை நான் எழுத மாட்டேன். உறுதிப்பேச்சு சரின்னு ஒப்பமும் போட மாட்டேன்."

"வற்புறுத்துவேனுங்களா? உடம்பு சரியில்லைன்னு தெரியுது. ஒரு மாசம் லீவு எடுத்துக்குங்க. மடல் அதுபாட்டுக்கு வரும்."

விடுப்பில் இருந்த நாட்களில் அவள் மனம் கொஞ்சம் தெளிந்தது. தன் ஒப்பம் இல்லாமல் செய்தி ஏறாது. ஏறினாலும், உறுதிப்பேச்சு செய்தவள் மறுத்தாள் என்று ஜூலையில் நீதிமன்றத்தில் போய் நின்று சொல்லலாம். செத்தவள் சொல்லை உயிரோடிருப்பவள் காப்பாற்றலாம். அந்த நினைப்பில்தான் இரவு தூக்கம் வந்தது.

ஜூன் பதினைந்து அன்று மடல் கைபேசியில் வந்து விழுந்தது. முதல் பக்கத்தில் ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள். ‘தன் முடிவைத் தானே மறுக்கும் துணிவு: நம் முன்னாள் மாணவியின் நேர்மை.’ செய்தியின் அடியில், எழுதியவர், உறுதிப்பேச்சு சரிபார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் உமையாளின் பெயர். அவளும் மேட்டுவயலில் படித்தவள்தானே, அவளுக்கும் ஒரு டபுள் உண்டு. ஊழியர் விடுப்பில் இருந்தால் அவர் டபுளை வேலைக்கு வைக்கலாம் என்று பணிவிதியில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

அடுத்த பேருந்து பிடித்து ஞானராஜின் பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணா, அதை எழுதினது நான் இல்லீங்க. என் டபுள். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"முந்தாநாளு நீ போன்ல பேசுனியேம்மா. அரைமணி நேரம். ரெஜினாவே மனசு மாறிட்டா, நீங்களும் வழக்கை விட்ருங்கண்ணான்னு சொன்ன. நடுவுல அழுத வேற."

"அது நான் இல்லண்ணா!"

"இருக்கலாம்." அவர் கையைத் துணியில் துடைத்தார். "நான் நம்பறேன்னே வெச்சுக்க. ஜூலைல கோர்ட்ல வந்து சொல்லுவியா?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். ஜட்ஜ் முன்னாடி சொல்றேன்."

"நீ சொல்லி முடிச்சதும் அவங்க இன்னொரு உமையாளைப் பேச வைப்பாங்க. அது சொல்றதுக்கும் உன் பேச்சுக்கும் சட்டத்துல ஒரே மதிப்பு. அது பொய்யி, நீதான் நெசம்னு காட்ட உங்கிட்ட என்னம்மா இருக்குது? இந்தப் பதினொரு வருசத்துல நீ எழுதினதுல ஒண்ணு எடுத்துக் காட்டு. அது எழுதாத மாதிரி, நீ மட்டும் எழுதுற மாதிரி ஒரே ஒரு வரி."

உமையாள் கைபேசியைத் திறந்தாள். பழைய மடல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். பெருமிதம் கொள்கிறோம், மகிழ்வோடு பகிர்கிறோம், மேலும் உயர வாழ்த்துகிறோம். ஞானராஜ் கழற்றிய சக்கரத்தை மாட்டி முடித்து, அடுத்த வண்டியை எடுத்தார். அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.