கால் படாத இடம்

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிய பஸ் ஊர் எல்லையில் வேங்கிக்காலுக்கு மேல் நகரவில்லை. இளஞ்செழியன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தான். கடலாராய்ச்சிக் கப்பலில் நான்கு மாதம் இருந்துவிட்டு வருகிறான். வீட்டில் இருப்பது அக்கா உண்ணாமலை ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு டைப் அடித்துச் சம்பாதித்து அவனைப் படிக்கவைத்தவள். ஒரு வாரமாக அவள் போன் எடுக்கவில்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அழுகிய முட்டை வாடை அடித்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, கூடத்துத் தரை மட்டும் ஐஸாகக் குளிர்ந்தது.

அக்கா சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க்கா போன் எடுக்கல?”

அவள் வாய் திறக்கவில்லை. அவன் பையை இறக்கினான், பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினான், துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“கேக்கலடா தம்பி” என்றாள் அக்கா, அப்போதுதான்.

பக்கத்து வீட்டு வேதா வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்க அவளுக்கு மனசில்லை.

“ஒரு மாசமாவே சாப்பாடு கம்மிங்க தம்பி. பத்து நாளா அதுவும் இல்ல. டாக்டர்கிட்ட போலாம்னா வர மாட்டேன்றாங்க. வாங்கற பாலெல்லாம் நீங்க குடுத்த சாமிக்குத்தான்.”

“நான் எந்த சாமிய குடுத்தேன்?”

கேட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தான்.

விபூதிப் பட்டை போட்டு, பூச் சுற்றி, பித்தளைத் தட்டில் நின்றுகொண்டிருந்தது போன பயணத்தில் கப்பலிலிருந்து அவன் திருடிய கல். கடலின் தரையைத் துளைத்து, அதற்கும் கீழே இருந்த பாறையிலிருந்து எடுத்தது. கறுப்பாக, உருளையாக, ஒரு சாண் நீளம். பத்துக் கோடி வயது. அதன் விரிசல்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இன்னும் உயிரோடு இருந்தன. போன லீவில் அதைப் பொட்டலமாகக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்து, “உள்ள உயிர் இருக்குக்கா, தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனான். படித்தவன் புத்தி இவ்வளவுதான். மலையையே சாமியென்று சுற்றி வருகிற ஊரில், உயிருள்ள கறுப்புக் கல்லைக் காய்கறிக்கு நடுவில் வைத்திருக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அவள் எடுத்துக் குளிப்பாட்டி, தினமும் பாலாபிஷேகம் செய்திருக்கிறாள்.

பால் ஊற்றிய தட்டு காய்ந்து கிடந்தது. கல்லைத் தொட்டான். வெதுவெதுவென்று இருந்தது.

அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினான். பதினேழு எண்ணிய பிறகுதான் நாடி ஒருமுறை துடித்தது.

அந்தப் பாறைக்குள் தீனி போய்ச் சேர்வதில்லை. அதனால் அங்கே இருப்பவை அசையாமல், பெருகாமல், பசியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும். அக்காவும் இப்போது அப்படித்தான் இருந்தாள். இது எப்படி நடக்கும் என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி வரவேண்டும், நேரமாகும் என்றார்கள்.

கல்லை எடுத்துக் குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பை முழுசாகத் திறந்தான். ஆய்வகத்தில் கிருமியைக் கொல்வதும் ஆவியில்தானே.

ஒரு விசில்.

அக்காவின் உதடுகள் பிரியத் தொடங்கின.

ஐந்தாவது விசிலில் வாய் முழுதும் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

“இன்னும் கொஞ்சம்தான்க்கா... பொறுத்துக்கோ.” காதைப் பொத்திக்கொண்டு அழுதான். முதல் விசிலில் வாய் திறந்த அந்தக் கத்தல் இருபதாவது விசிலில்தான் வெளியே வந்தது. வேதா சாமி பேரைச் சொல்லி அலறினாள்.

பிறகு அமைதி. அக்கா திரும்பி, வெடுக்கென்று அவனைப் பார்த்தாள்.

“எப்படா வந்த? இப்படி எளச்சுட்டியே! எனக்குப் பசிக்குதுடா.”

நாடி ஓடியது. கையில் சூடு வந்தது. வேதா ஓடிப்போய் ரசம் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா வாரி வாரித் தின்றாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குக்கரைத் திறந்தபோது கல் நான்கு துண்டாக வெடித்துக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது.

“அக்கா, அபிஷேகத் தண்ணிய எங்க ஊத்துவ?”

“கால் மிதிக்கற எடத்துலயா ஊத்துவாங்க? பின்னாடி வத்திப்போன போர்லதான் தெனமும் ஊத்தறேன். எழுநூறு அடி, பூரா பாறை. யார் கால் படப்போவுது?”

அவன் பின்பக்கம் ஓடினான். போர்க் குழாயின் மூடியை நகர்த்தினான். அதே வாடை முகத்தில் அறைந்தது.

காலுக்குக் கீழே, ரொம்ப ஆழத்தில், ஒரு துடிப்பு.

எண்ணினான். இருபது. முப்பது. நாற்பத்தொன்றில் அடுத்தது.

உள்ளே ஓடி வந்தான். அக்காவின் கை வாயருகே அப்படியே நின்றிருந்தது. வாயில் மென்ற சோறு. கண் இமைக்கவில்லை. அவன் உலுக்கினான், கன்னத்தில் தட்டினான், காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். “விட்டுடு... அவளை விட்டுடு.” யாரிடம் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நூறு எண்ணியும் நாடி வரவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்தான். கடைசிப் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, பின்பக்கம் ஓடி, போர்க் குழாய்க்குள் முழுதையும் கவிழ்த்தான். திரும்பி வந்து அக்கா முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அக்காவின் தொண்டை மெல்ல அசைந்தது. வாயிலிருந்ததை விழுங்கினாள்.

தட்டில் இருந்தது ரசம் சோறு.

அவள் உதட்டோரத்தில் பால் வழிந்தது.