ஜில்லு நடந்த தூரம்

ஜில்லு என்ற ஆட்டுக்குட்டி ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும் என்று அந்த ஊரில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. முதன்முதலில் பார்த்தவள் பூவிழிதான்.

பூவிழி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் வீடு தொப்பூர்க் கணவாய்க்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் நின்றால் லாரிகள் மேடு ஏறும் சத்தம் கேட்கும். அப்பா வீரமணியும் லாரிதான் ஓட்டினார். நாக்பூர், கொச்சி, நாக்பூர் என்று போய்க்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான்.

"வண்டிக்குள்ள அனலா கொதிக்குது பாப்பா. இஞ்சின் சூடு வேற. அவிச்ச முட்டை மாதிரி ஆயிடறேன்" என்று ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பூவிழி சிரிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு சின்ன பேட்டரி ஃபேன் வாங்கித் தர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். ஆனால் காசு?

அதற்கு வழி சொன்னவன் வகுப்புத் தோழன் சந்திரன்.

"ஒரு ஆப் இருக்குது. பேரு 'நடடா நண்பா'. போனைப் பையில வெச்சுக்கிட்டு நடந்தாப் போதும், காயின் ஏறும். காயின் சேந்தா பொருள் வாங்கிக்கலாம்."

"ஃபேன் இருக்குதா?"

"என்னென்னமோ இருக்குது. ஃபேன் இல்லாமயா போயிடும்?"

இருந்தது! நீல நிறத்தில், கார்களிலும் லாரிகளிலும் மாட்டும் சின்ன ஃபேன். அம்மாவிடம் கேட்டு அந்த ஆப்பை அம்மாவின் போனில் போட்டுக்கொண்டாள். பள்ளி விட்டு வந்ததும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"என்னடி, செக்கு மாடாட்டம் சுத்தற?" என்று அம்மா நிர்மலா கேட்டாள்.

"உடம்புக்கு நல்லதும்மா!"

ஃபேன் யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் கொடுத்தால்தானே அப்பா ஆச்சரியப்படுவார்!

ஆனால் காயின் ஏறுவது எறும்பு ஊர்வது போல இருந்தது. கால்தான் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா போன் செய்தார். ஆரஞ்சுப் பழ லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகிறாராம். சாயங்காலம் தொப்பூர் வழியாகத்தான் போவாராம்.

"வூட்டுக்கு வர நேரமில்ல நிர்மலா. பழம் தாங்காது. செல்லம்மா அக்கா கடையில கொஞ்ச நேரம் நிப்பாட்டறேன். பாப்பாவக் கூட்டிட்டு வந்துடு. கிருஷ்ணகிரி தாண்டுனதும் போன் பண்றேன்."

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, தூக்குப் போசியில் போட்டு மூடினாள். பிறகு சாமந்திப் பூப் பறிக்கும் வேலைக்குக் கிளம்பினாள்.

"போன் உங்கிட்டயே இருக்கட்டும், பூவிழி. சாயங்காலம்னுதான் சொல்லியிருக்காரு. இருந்தாலும் பக்கத்துலயே வெச்சுக்கோ. அப்பா கூப்பிட்டா தோட்டத்துக்கு ஓடி வந்து சொல்லு."

"சரிம்மா!"

அம்மா போனதும் பூவிழி போனைத் திறந்து பார்த்தாள். ஃபேன் வாங்க இன்னும் நிறைய காயின் வேண்டும். வாசலில் ஜில்லு இங்கும் அங்கும் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் நிற்காத குட்டி அது. வேலி ஓரம் ஓடும், பாறைமேல் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும்.

பூவிழி ஜில்லுவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் ஜில்லுவைப் பார்த்தாள்.

'அப்பா சாயங்காலம்தானே வருவார்?'

பழைய துணிப்பை ஒன்றில் போனைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஜில்லுவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஜில்லு தலையை ஒரு உதறு உதறிவிட்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்துப் பார்த்தாள். அடேயப்பா! அவள் ஒரு வாரம் நடந்ததைவிட அதிகம்!

"ஜில்லு, நீதான்டி கெட்டிக்காரி!"

மறுபடியும் மாட்டிவிட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். ஜில்லு கண்ணெதிரே மேய்ந்துகொண்டுதான் இருந்தது. கணக்கில் ஒன்று விடை வரவில்லை. அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தாள். ஒருவழியாக விடை வந்து அவள் நிமிர்ந்தபோது, ஜில்லு இல்லை.

"ஜில்லு! ஜில்லூ!"

வேலி ஓரம் இல்லை. கிணற்றடியில் இல்லை. பூவிழி வீட்டுக்குப் பின்னால் பாறையாய்க் கிடந்த கரட்டுப் பக்கம் ஓடினாள். செருப்பில் முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் ஓடினாள். வெகுநேரம் தேடிய பிறகு, உயரமான பாறை ஒன்றின்மேல் ஜில்லு நிற்பது தெரிந்தது. பையின் கயிற்றை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

பூவிழி ஏறிப்போய்ப் போனை எடுத்தாள்.

திரையின் மேலே பெரிய எழுத்தில், 'இன்று மிக நன்றாக நடந்தீர்கள்! வாழ்த்துகள் நண்பா!' என்று இருந்தது.

அதற்குக் கீழே 'அப்பா' என்று இருந்தது. அதற்கும் கீழே 'அப்பா'. விரலால் தள்ளத் தள்ள, அவர் கூப்பிட்டு யாரும் எடுக்காத அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன.

அவள் உடனே அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டபோது, போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது.

பூந்தோட்டத்துக்கு அவள் ஓடிப்போன வேகத்தைப் பார்த்தே அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா... அப்பா கூப்பிட்டிருக்காரு. நெறைய தடவ. நான் பாக்கல. போனை... ஜில்லு கழுத்துல கட்டி விட்டுட்டேன்."

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். அடிக்கவில்லை. கத்தவில்லை.

"உன்ன நம்பித்தானே வெச்சுட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பூவிழிக்குத் தோன்றியது.

"வா. ஒருவேளை கடையிலயே காத்துக்கிட்டு இருக்கலாம்."

வீட்டுக்கு ஓடித் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். ஜன்னல் வழியே எதிரில் வரும் ஒவ்வொரு லாரியையும் பூவிழி பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கணவாய்க்கு முன்னால் சாலையோரத்தில் இருந்தது செல்லம்மாளின் சாப்பாட்டுக் கடை. அவர்களைக் கண்டதும் செல்லம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"அய்யோ நிர்மலா, இப்பத்தானே கெளம்புனாரு! ரோடு காலியா இருந்துச்சாம், சீக்கிரமா வந்துட்டாரு. இதோ இந்த எடத்துலதான் நின்னு நீங்க வர்ற பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்குள்ள ஓனருகிட்ட இருந்து போன் மேல போன். பழம் கெட்டுடும்னு சத்தம் போடறாரு. போனுல சார்ஜும் தீரப்போவுதுன்னாரு."

"சாப்பிட்டாராக்கா?" அம்மா போசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எங்க? சோறு போடறேன்னேன். 'வேண்டாங்க்கா, வூட்டுல இருந்து களி வருது'ன்னு சொல்லிட்டாரு."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அழுது பூவிழி பார்த்ததே இல்லை. அவளுக்கு ஜில்லு, காயின், ஃபேன் எல்லாவற்றையும் எங்காவது தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன எறிந்தாலும் அப்பா திரும்பி வரப்போவதில்லை.

'அப்பா பசியோடு போயிருக்கிறார்.' அதுதான் அவள் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது.

அப்போது ஒரு லாரி வந்து கடை முன்னால் நின்றது. அதன் நெற்றியில் 'ஜானகியம்மாள் டிரான்ஸ்போர்ட்' என்று எழுதியிருந்தது. பூவிழி சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா அனுப்பும் படங்களில் அவர் வண்டியிலும் இதே பெயர்தானே இருக்கும்! தார்ப்பாய்க்குள்ளிருந்து ஆரஞ்சுப் பழ வாசனையும் வந்தது.

வண்டியிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கி டீ கேட்டார். பூவிழி நேராக அவரிடம் போனாள்.

"மாமா, நீங்க கொச்சிக்கா போறீங்க?"

"ஆமா கண்ணு. யாரு நீ?"

"நான் வீரமணி பொண்ணுங்க. எங்கப்பாவும் உங்க கம்பெனி வண்டிதான் ஓட்டறாரு. ஆரஞ்சு லோடு."

"அட, நம்ம வீரமணி பொண்ணா! என் பேரு மாதவராஜ். ரெண்டு வண்டியும் ஒண்ணாத்தான் கெளம்புனோம். நான் டயர் பாக்க நின்னுட்டேன். உங்கப்பன் முன்னாடி போயிட்டான்."

"அவரை வழியில பாப்பீங்களா மாமா?"

"சங்ககிரியில டீசல் போட நிப்பான். அங்க புடிச்சிடுவேன். ஏன்?"

பூவிழி அம்மாவிடம் ஓடி, போசியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இதை எங்கப்பாகிட்ட குடுத்துடறீங்களா? அவரு இன்னும் சாப்பிடலைங்க."

மாதவராஜ் போசியைப் பார்த்தார். பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவையும் பார்த்தார்.

"ஏம்மா, அவன் ஒரே புலம்பலா புலம்பிக்கிட்டு வந்தானே, வூட்டுல பாக்கணும்னு. என்ன ஆச்சு? போனை எடுக்கலையா?"

அம்மா எழுந்து வந்தாள். "அது வந்துங்கண்ணா... சிக்னல் சரியா..."

"இல்லைங்க மாமா" என்றாள் பூவிழி. "சிக்னல் இருந்துச்சு. நான்தான் போனை ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டி விட்டுட்டேன். நடந்தா காயின் வரும்னு."

மாதவராஜுக்குப் புரையேறியது. டீ மூக்கில் ஏறி, இருமி, தும்மி, செல்லம்மாள் வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

"ஆடா? ஆடா நடந்துச்சு?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பூவிழியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். போசியை இரண்டு கையாலும் வாங்கினார். சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, உருளாமல் இருக்கத் துண்டால் சுற்றினார்.

"குழம்பு ஒரு சொட்டு சிந்தாம குடுப்பேன். போதுமா? ஆட்டு விஷயத்தச் சொல்லவா, வேண்டாமா?"

"நானே சொல்லிக்கறேன் மாமா."

அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். லாரி வளைவில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பூவிழி போனைக் கேட்டு வாங்கி, அந்த ஆப்பை நீக்கினாள். 'உங்கள் காயின்கள் எல்லாம் போய்விடும். பரவாயில்லையா?' என்று அது கேட்டது. 'பரவாயில்லை' என்று அழுத்தினாள்.

"எதுக்குடி உனக்கு அவ்வளவு காயின்?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவுக்கு ஃபேன் வாங்க. வண்டியில சூடு தாங்கலைன்னு சொன்னாரில்ல?"

அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானும் இன்னிக்கு ஒரு நாள் பூப்பறிக்கப் போகாம இருந்திருக்கலாம்" என்றாள்.

இருட்டத் தொடங்கியபோது புதிய நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் பூவிழி எடுத்தாள்.

"பாப்பா! அப்பாதான். மாதவராஜ் மாமா போனுல இருந்து பேசறேன். களி வந்துடுச்சு!"

"அப்பா, நான்தான்ப்பா..." பூவிழி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஃபேனையும் சொன்னாள்.

அப்பா கடைசிவரை கேட்டார். அவருக்குப் பின்னால் லாரிகள் போகும் இரைச்சல் கேட்டது.

"பாப்பா, உன்னப் பாக்காம வந்தது எனக்கு வருத்தம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. "ஆனா பசிக்கற நேரத்துக்குக் களி வந்து சேந்துச்சே, அது உன் வேலைதானாம். மாமா சொன்னாரு. அழாத, சாமி."

"மறுபடியும் எப்பப்பா வருவீங்க?"

"இந்த லோடு எறக்கிட்டு வேற பக்கம் போகச் சொல்றாங்க. பொங்கலுக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

பொங்கலுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

போனை வைத்த சிறிது நேரத்தில் மாதவராஜ் ஒரு படம் அனுப்பினார். டீசல் பங்க் விளக்கு வெளிச்சத்தில், லாரிப் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் போசி. வாய் நிறையக் களி. அவர் தாடி வளர்த்திருந்தார். அதை அவர்கள் இருவருமே இதுவரை பார்த்ததில்லை.

அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தாடியில் கொஞ்சம் களி ஒட்டியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகும் அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. பூவிழி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.